தபால்காரர் பிரதமரை வீட்டுக்கு அனுப்புவாரா?

பிரிட்டிஷ் டொமினியன்களின், அதாவது சாம்ராஜ்யத்துக்குள் சுயாட்சி பெற்ற நாடுகளின், பொற்காலத்தைப் பற்றி ஆய்வாளர் ஒருவர் சென்ற மாதம் எழுதிய நெடுங்கட்டுரை, வரலாற்றை உணர்ச்சிவசப்படாமல் படிக்க வேண்டும் என்ற உபதேசத்தோடு தொடங்கி, ஆதாரம் பார்க்காமல் படித்தாலும் போதும் என்ற இடத்தில் முடிகிறது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் முதல் உலகப் போருக்கு முன்பே நடைமுறையில் சுதந்திர நாடுகளாம். லண்டனுக்கும் அவற்றுக்கும் இடையிலான கடிதங்கள் கவர்னர் ஜெனரல் வழியாகப் போனது வெறும் சம்பிரதாயமாம். அவர் ஒரு தபால்காரர், அவ்வளவுதானாம்.

தபால்காரரா? 1926 ஜூனில் கனடாவின் பிரதமர் மெக்கென்சி கிங் நாடாளுமன்றத்தைக் கலைக்கும்படி ஆலோசனை சொன்னபோது கவர்னர் ஜெனரல் பிங் பிரபு மறுத்தார். கிங் பதவி விலக நேர்ந்தது. இதை இந்தக் கட்டுரையாளரே விரிவாக எழுதுகிறார். முதல் பக்கத்துத் தபால்காரர் பின்பக்கத்தில் ஒரு பிரதமரையே வீட்டுக்கு அனுப்புகிறாரே, இரண்டையும் எழுதியது ஒரே கைதானா? லண்டனைக் கலந்து கேளுங்கள் என்று கிங்கே பிங்கிடம் மன்றாடியதைக் காட்டி, சுயாட்சி வேஷம் கலைந்துவிட்டது என்று வேறு குதிக்கிறார். கிங் செய்தது முரண்பாடுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படிக் கேட்கவே எப்படி முடிந்தது? மன்னரின் பிரதிநிதியும் பிரிட்டிஷ் அமைச்சரவையின் ஏஜென்டும் ஒரே ஆளாக இருந்ததால்தானே? அதே ஆண்டு நவம்பரில் சாம்ராஜ்ய மாநாட்டின் பால்ஃபர் குழுவின் அறிக்கை, கவர்னர் ஜெனரல் பிரிட்டிஷ் அரசின் ஏஜென்ட் அல்லர், இனி அரசுக்கும் அரசுக்கும் நேரடியாகவே கடிதப் போக்குவரத்து நடக்க வேண்டும் என்று வரையறுத்தது. 1927 ஜூலை 1 முதல் கனடாவுக்கு அது நடைமுறையானது. வெறும் சம்பிரதாயத்தை ஒழிக்கவா சாம்ராஜ்யத்தின் பிரதமர்கள் அத்தனை பேரும் கூடி உட்கார்ந்து எழுதினார்கள்?

துருக்கியின் சனாக் விவகாரத்தில் இவருடைய சாமர்த்தியம் இன்னும் கேவலமாக அம்பலப்படுகிறது. 1922 செப்டம்பர் 15 அன்று, துருக்கித் தலைவர் முஸ்தபா கமாலின் படையை எதிர்க்க டொமினியன்களிடம் துருப்பு கேட்பதெனப் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜின் அமைச்சரவை முடிவு செய்தது. காலனி அமைச்சர் சர்ச்சில் தந்தியைத் தயாரித்தார். சங்கேத எழுத்தில் ஒட்டாவா போய், கவர்னர் ஜெனரலின் அலுவலகத்தில் பிரிக்கப்பட்டு அது பிரதமரைச் சேருவதற்குள், மறுநாளே லண்டன் பத்திரிகைகளுக்கு அறிக்கை கொடுத்துவிட்டது. தொகுதியில் இருந்த கிங்குக்கு விஷயமே ஒரு நிருபர் சொல்லித்தான் தெரிந்தது. சங்கேதம் பிரிக்க ஆன தாமதம் என்கிறார் நம்மவர். தந்தி சேருமுன் பத்திரிகைக்குச் சொல்லச் சொன்னதும் சங்கேதமா? கருத்துக் கேட்டு வந்த தந்தியா அது? முடிவை லண்டனில் எடுத்துவிட்டு ஆட்களை அனுப்பச் சொன்ன தந்தி. நாடாளுமன்றம்தான் தீர்மானிக்கும் என்று கிங் நின்றார். நியூசிலாந்து உடனே சம்மதித்ததைக் குடும்பப் பாசத்துக்குச் சான்றாகக் காட்டுகிறவர், வெளியில் சம்மதம் சொன்ன ஆஸ்திரேலியப் பிரதமர் ஹியூஸ் தனித் தந்தியில் லாயிட் ஜார்ஜிடம் கொதித்ததை ஏன் மறைத்தார்? பிரதமர்கள் நேரடியாகத் தொடர்பு கொள்ளலாம் என்ற 1918ஆம் ஆண்டு முடிவை எடுத்துக்காட்டுகிறவர், அந்தத் தந்திகளும் பொதுவாகக் காலனி அலுவலகத்தின் வழியாகவே போக வேண்டும் என்ற பகுதியை ஏன் விழுங்கினார்? தூதுக்கென்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்த மொழியில் எழுதுகிறவருக்கு, செய்தி யார் கைவழி போகிறது என்பது அரசியல் என்று விளங்கவில்லையா?

விளங்கும். விளங்கினால் கட்டுரையின் கடைசிப் பத்தி நிற்காது. டொமினியன் அந்தஸ்தை ஏற்றிருக்கலாம், 1929 லாகூர் காங்கிரஸின் பூரண சுயராஜ்யத் தீர்மானம் வெறும் பிடிவாதம் என்று நிறுவத்தான் இத்தனை சுற்று. வெள்ளையர் ஆண்ட டொமினியன்களே லண்டனோடு நேருக்கு நேர் பேசும் உரிமைக்கு இத்தனை ஆண்டு போராட நேர்ந்தபோது, வைஸ்ராயின் தந்திகளால் ஆளப்பட்ட நமக்கு அந்தக் குடும்பத்தில் எந்த மூலை கிடைத்திருக்கும்? அங்கே குடியேறிய இந்தியர்களின் வாக்குரிமைக்காக 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று நாடு நாடாகப் போய் வாதாடிய வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவரோ காங்கிரஸ் தீவிரவாதி அல்லர், சாம்ராஜ்யத்தை மனமார நம்பிய மிதவாதி.

நேரடித் தொடர்பு எதற்கு உதவும் என்பதை 1942 பிப்ரவரியில் பார்க்கலாம். சிங்கப்பூர் விழுந்த சில நாட்களில், ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியத் துருப்புகளை ரங்கூனுக்கு அனுப்ப, அப்போது பிரிட்டிஷ் பிரதமராயிருந்த சர்ச்சில் கேட்டார், ஆஸ்திரேலியப் பிரதமர் கர்ட்டின் மறுத்தார், சம்மதம் வருமுன்பே கப்பல்களைச் சர்ச்சில் வடக்கே திருப்பிவிட்டதும் தெரியவந்தது. கர்ட்டின் அசையவில்லை. எரிபொருளுக்காகக் கப்பல்கள் கொழும்புக்கு வந்து, பிறகு ஆஸ்திரேலியா நோக்கிப் போயின. மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. உணர்ச்சிவசப்படாத அந்த நெடுங்கட்டுரையில் இந்தத் தந்திகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.