பேனாக்கத்தி செய்த குற்றம் என்ன?



பழைய மடக்குக் கத்திகளைத் தேடிச் சேர்ப்பவன் நான். அஞ்சல்தலை சேர்ப்பவரைக் கண்டால் நல்ல பொழுதுபோக்கு என்று பாராட்டுகிறோம். நாணயம் சேர்ப்பவரைப் பள்ளிக்கு அழைத்துக் கண்காட்சி வைக்கச் சொல்கிறோம். கத்தி சேர்ப்பவன் என்றதும் மட்டும் முகம் சுளிக்கிறோம். "வாத்தியார் வேலைக்கும் இதற்கும் என்ன பொருத்தம், சார்?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அவர்களுள் பலர் ஆசிரியர்கள் என்பதுதான் வேடிக்கை!

2025 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில், ஒரு மாணவி சக மாணவனால் குத்தப்பட்டு உயிரிழந்தபின் அந்தக் கேள்வியின் கடுமை கூடிவிட்டது. அத்துயரத்தை நினையாமல் இந்நாட்டில் இப்பொருளைப் பற்றி எவரும் எழுத இயலாது; எழுதவும் கூடாது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிப்பையில் கத்திக்கு இடமில்லை. பைகளைச் சோதிக்க வேண்டும் என்பாரோடு எனக்கு வழக்கில்லை. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதை நம் நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிக்கிறது, தண்டிக்கட்டும். பொத்தானை அழுத்தியதும் பாய்ந்து வெளிவரும் கத்திகளை நான் வாங்குவதும் இல்லை.

நான் மறுப்பது வேறொன்றை. தாத்தா மறைந்தபின் அவர் பெட்டியில் கிடக்கும் பேனாக்கத்தியையும் கொலைக்கருவிகளின் வரிசையில் வைத்து, பேரப்பிள்ளையின் கண்ணில் படுமுன் குப்பையில் எறிகிறோமே, அந்தப் போக்கை மறுக்கிறேன்.

அச்சொல்லையே சற்று எண்ணிப் பாருங்கள். பேனாக்கத்தி! பறவை இறகைச் சீவி எழுதுகோலாக்கிய காலத்தில் அவ்வேலைக்கென்றே அமைந்த சிறு கத்தி அது. எழுத்து வேலைக்குப் பிறந்த கருவி. நம்மவரிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. ஓலையில் எழுதும் கூர்முனையை வேலை முடிந்ததும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். ஓலையை வாரி நறுக்கும் கத்தியும் அதே பிடிக்குள் அடங்கியிருக்கும் வகையும் உண்டு. எழுத்தையும் அலகையும் ஒரே பிடிக்குள் வைத்திருந்தது நம் கல்வி மரபு. அம்மரபில் வந்த தமிழாசிரியனைப் பார்த்து உனக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று கேட்டால், நான் என்ன விடை சொல்வது?

பழைய கத்தியைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஓர் ஏடு. என்னிடம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் செய்த கத்தி ஒன்று உள்ளது. நீளம் என் சுண்டுவிரல் அளவே. அலகு பிடியோடு சேரும் அடிப்பகுதியில் பொடி எழுத்துகள் உள்ளன. உருப்பெருக்கிக் கண்ணாடி இன்றிப் படிக்க முடியாது. ஒரு மகுடம், அதன் இருபுறமும் ஜி, ஆர் என்னும் எழுத்துகள். ஜார்ஜ் என்ற பெயருடைய மன்னரின் காலம் என்று பொருள். எந்த ஜார்ஜ்? அந்நிறுவனத்துக்கு 1822இல் அரச ஆணை வழங்கியவரும் நான்காம் ஜார்ஜ்தான். ஆனால் என் கத்தியில் 'இங்கிலாந்து' என்ற நாட்டுப் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் மெக்கின்லி சுங்கச் சட்டத்தின் வழி விதித்தது. அதன்பிறகே அப்பெயர் கத்திகளில் பரவலாகப் பொறிக்கப்பட்டது. எனவே 1830இல் மறைந்த நான்காம் ஜார்ஜ் விலகிவிடுகிறார். ஐந்தாம் ஜார்ஜோ ஆறாம் ஜார்ஜோதான். அதாவது ஏறத்தாழ 1910க்கும் 1952க்கும் இடைப்பட்ட கத்தி. ஐந்தாறு எழுத்துகளைக் கொண்டு இவ்வளவையும் உய்த்துணர முடிகிறது. இதைத்தானே நாம் உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று சொல்லி, பயிற்றியில் அச்சிட்டு, பிள்ளைகளைக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறோம்?

அலகு கருஞ்சாம்பல் நிறமாகிவிட்டது. பழங்காலக் கரிம எஃகு அப்படித்தான் நிறம் மாறும். துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி 1913இல் உருவாக்கியதும் இதே ஷெஃபீல்டில்தான். அந்நகரின் பெருமையை மட்டும் பேசி நிறுத்திக்கொள்ளவும் கூடாது. அங்கே 19ஆம் நூற்றாண்டில் சாணை பிடித்த தொழிலாளர் கல்தூளை மூச்சோடு இழுத்து, நுரையீரல் கெட்டு, இளம் வயதிலேயே மாண்டனர். நீரின்றி உலர்சாணை பிடித்தவர்களின் நிலை மிகவும் கொடியது. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு, பளபளக்கும் பொருளுக்குப் பின்னால் யாருடைய உடம்பு தேய்ந்தது என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 14 வயதில் வேலைக்குச் சேர்ந்து, மடக்குக் கத்தியின் ஒவ்வோர் உறுப்பையும் தம் கையாலேயே செய்த ஸ்டான் ஷா 2021இல் 94 வயதில் மறைந்தார். இக்காலத்தில் அத்தகையோர் விரல்விட்டு எண்ணும் அளவே உள்ளனர்.

இனி ஜப்பானைப் பார்ப்போம். தடை வேண்டும் என்பவர்களும் அந்நாட்டையே எடுத்துக்காட்டுவதால், அங்கே நடந்ததை முழுமையாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஹியோகோ மாநிலத்து மிக்கி நகரக் கொல்லர்கள் 1890களில் ஹிகோநோகாமி என்ற மடக்குக் கத்தியைச் செய்யத் தொடங்கினர். மடித்த தகட்டால் ஆன ஒரு பிடி, ஓர் ஆணி, ஓர் அலகு, அவ்வளவே. வில் கிடையாது, பூட்டும் கிடையாது. அலகின் பின்புறம் நீண்டிருக்கும் சிறு வாலைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் அது நேராக நிற்கும். கை கவனம் தவறினால் கத்தி உடனே காட்டிக்கொடுத்துவிடும்! ஜப்பானியப் பள்ளிப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பென்சில் சீவியதும் மூங்கிலில் விளையாட்டுப் பொருள் செய்ததும் இதைக் கொண்டுதான்.

1960 அக்டோபர் 12ஆம் நாள், சோசலிசக் கட்சித் தலைவர் இனெஜிரோ அசனுமாவை 17 வயது இளைஞன் ஒருவன் மேடையிலேயே குத்திக் கொன்றான். அவன் ஏந்தியது ஒரு குறுவாள். ஆனால், பிள்ளைகளின் கையில் கத்தியே கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. கொன்றது குறுவாள், தண்டனை பெற்றதோ பென்சில் சீவும் கத்தி! மிக்கி நகரின் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று அப்பெயரில் கத்தி செய்யும் பட்டறை ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது.

பென்சில் கத்தி மறைந்தபின் அமைதி நிலைத்ததா? 1998 சனவரியில் தொச்சிகி மாநிலத்தில் 13 வயது மாணவன் தன் ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். இந்த ஒரு நிகழ்வை வைத்துத் தடையே வீண் என்று வாதிட்டால் அது முறையாகாது. அப்படி வாதிடவும் மாட்டேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். அம்மாணவனின் தலைமுறை கத்தியை எங்கே கண்டிருக்கும்? தாத்தாவின் மடியில் அமர்ந்து பென்சில் சீவியபோதா? திரைப்படத்திலும் தொலைக்காட்சி நாடகத்திலுமா? கருவியாக ஒருநாளும் அறியாத ஒன்றை ஆயுதமாக மட்டுமே பார்க்கும் பிள்ளையை நாமும் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். நாகானோ மாநிலத்து இக்கேடா ஊரில் ஒரு தொடக்கப்பள்ளி, 1980களில் தொடங்கிப் பல ஆண்டுகள், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஹிகோநோகாமி கொடுத்துப் பென்சில் சீவக் கற்றுக்கொடுத்தது. நம் பள்ளிகளிலும் அதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்குரிய சூழல் இங்கே இல்லை. வீட்டில் செய்யலாமே என்றுதான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் என் இனத்தாரான சேகரிப்பாளர்களையும் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பழைய கத்தி கைக்கு வந்ததும் சுழல்பொறியில் வைத்து முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கி விடுகிறார்கள் சிலர். அலகின் பொடி எழுத்து அத்தோடு அழிந்துபோகும். பிறகு அதைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி, நூறு வெள்ளிக்கு வாங்கியதை முந்நூறுக்கு எப்போது விற்கலாம் என்று காத்திருப்பார்கள். தந்தப் பிடி என்றால் அவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி! யானை பட்ட பாடு அவர்கள் கணக்கில் வராது. பயந்து எறிபவரும் பளபளப்பாக்கிப் பூட்டுபவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதுபோல் தோன்றும். கத்தியை மனிதக் கையிலிருந்து பிரிப்பதில் இருவரும் ஒன்றுதான்.

"பிள்ளை கையை வெட்டிக்கொண்டால் யார் பொறுப்பு?" என்று அம்மாமார் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பிரான்சில் ஜோசப் ஓப்பினல் 1890இல் தொடங்கிய நிறுவனம், சிறுவருக்கென்றே முனை மழுக்கி உருட்டிய மடக்குக் கத்தியை விற்கிறது. அலகு தானாக மடங்காமல் பூட்டும் வளையமும் அதில் உண்டு. தொடக்கத்திற்கு அது போதும். நான்காம் ஆண்டு முடித்த பிள்ளையாக இருக்கட்டும். மேசையில் உட்கார வையுங்கள். அருகில் நீங்கள் அமருங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். அலகு உடலுக்கு எதிர்ப்புறமாகத்தான் நகர வேண்டும். வேலை முடிந்ததும் துடைத்து, மடக்கி, உங்கள் கையிலேயே திரும்பத் தர வேண்டும். பூட்டும் திறவுகோலும் பெரியவரிடம்தான் இருக்க வேண்டும். முதலாம் ஆண்டில் கத்தரிக்கோலையே நேராகப் பிடிக்கத் தெரியாமல் வரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்ப்பவன் நான். அந்த விரல்களுக்கு என்ன பற்றாக்குறை என்பதை எந்த மதிப்பீட்டுப் படிவமும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாத்தாவின் பழைய கத்தி வீட்டில் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மெல்லிய துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மடக்கு ஆணியைச் சுற்றித் துடையுங்கள். மறுநாள் மெதுவாகத் திறந்து பாருங்கள். அலகின் அடியில் எழுத்து தெரிந்தால், அதைப் பிள்ளையே படித்துச் சொல்லட்டும்.