குடல் யார் கழுவுறது?

குடல் கறி பற்றிப் பேச்சு வந்தால் கேம்பஸில் இரண்டு குரல் கேட்கும். ஒன்று, "சீ, அதையெல்லாமா சாப்பிடுவீங்க?" மற்றது, "எங்க தோட்டத்துச் சாப்பாடு, அதுதான் எங்க அடையாளம்!" எனக்கு இரண்டிலுமே குறை தெரியுது.

முதல் குரலுக்குப் பதில் லேசு. இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில் மாட்டின் நான்காம் இரைப்பையை அவித்து, பாணுக்குள் வைத்துத் தெருக்கடையில் விற்கிறாங்க. பெயர் லம்ப்ரெடொட்டோ. மெக்சிகோவில் மெனுடோ என்ற காரமான குடல் சூப், வார இறுதிக் காலைச் சாப்பாடு. மதுரைப் பக்கம் இட்லிக்கே குடல் குழம்பு. நம்ம நாட்டில் 'பாபத்' என்கிறோமே, அது மலாய்க்காரரோடு வந்த சொல். இத்தனை பேர் விரும்பிச் சாப்பிடுறதுக்கு நம்ம ஆட்களிடம் மட்டும் வர்ற அந்த "சீ"க்குள்ள, மாடு சாப்பிடுறவங்க மேல உள்ள சாதி இளக்காரமும் ஒளிஞ்சிருக்கு.

இரண்டாவது குரல் சட்டியைப் பார்க்குது, பீலியைப் பார்க்கிறதில்லை. மாட்டுக்குடலை வெந்நீரில் முக்கி, கறுப்புத் தோலைக் கத்தியால் சுரண்டி, உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, வாடை போகும்வரை தண்ணி மாற்றி மாற்றி அலசணும். பிறகு விறகடுப்பில் மணிக்கணக்கா வேகணும். நுவரெலியாக் குளிரில் பீலித் தண்ணி கையை விறைக்க வைக்கும். அந்தக் கை பெரும்பாலும் வாரம் முழுக்கக் கொழுந்து எடுத்த அம்மாவுடைய கை. அவங்களுக்குக் கிடைக்கிற லீவு அந்த ஞாயிறு மட்டும்தான்.

இன்னொன்று. தோட்டத்தில் நாட்கூலி 1,000 ரூபா ஆனதே பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 2021இல். அடுத்த வருடமே நெருக்கடி வந்து, விலைவாசி அதைத் தின்றுவிட்டது. இறைச்சிக்குப் பதில் குடல் வாங்கினது ருசிக்காக மட்டும் இல்லை. அதைச் சொல்லாமல் 'மண்ணின் சுவை' என்று போஸ்ட் போட்டால், வறுமைக்கும் சேர்த்துத்தான் பொட்டு வைக்கிறோம்.

அதுக்காகக் குடலை விடச் சொல்லலை. ரொட்டியைப் பிய்த்து அந்தக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டவங்களால் விடவும் முடியாது. கேட்கிறது சின்ன விஷயம்: லீவுக்கு ஊருக்குப் போற பசங்க, கத்தியை எடுத்துக்கொண்டு நீங்களே பீலிக்குப் போங்க. வாடை போகிறவரை நின்று கழுவுங்க. குடல் சாப்பிட யாரும் வெட்கப்பட வேண்டாம். கழுவுறதை அம்மா தலையில் கட்டிட்டுச் சாப்பிடுறதுக்குக் கொஞ்சம் வெட்கப்படலாம்.