வாளின்றி வீழ்ந்த சபைகள்

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தாற் பிறந்த மாகாண சபைகளை வீழ்த்த எவரும் வாளெடுக்கவில்லை. 2017 இல் பாராளுமன்றம் அவற்றின் தேர்தல் முறையை மாற்றியது. புதிய முறைக்கு இன்றியமையாத எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் அதே பாராளுமன்றம் நிராகரித்தது. சமர்ப்பித்த அமைச்சரோ எமது பிரதிநிதிகளோ, ஒருவரேனும் ஆதரித்து வாக்களித்தாரல்லர். பழையது நீங்கிற்று, புதியது பிறக்கவில்லை. 2019 முடியுமுன் ஒன்பது சபைகளின் பதவிக்காலமும் முடிவுற்றது. சனாதிபதி நியமித்த ஆளுநர்களிடம் நிருவாகம் சென்றது.

இதனைச் சட்டச் சிக்கல் என்றனர். முடிச்சிட்டவர்க்கு அதை அவிழ்க்கத் தெரியாதா? மனமே இல்லை. சபைகள் குறைபாடுடையன என்பார்க்கு ஒன்று கூறுவோம்: குறையுள்ள சபையைத் தண்டிக்கும் உரிமை வாக்காளனுடையது, ஆளுநனுடையதன்று. வாக்குரிமை ஆள்வோர் இடும் பிச்சையன்று.