ஈஸ்ட் பொட்டலமும் பனங்கள்ளும்

வீட்டிலேயே ரொட்டி சுடுகிற ஆர்வம் நம் இயற்கை விவசாயிகள் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் சம்பா கோதுமையைத் தேடி வாங்கி, அரைத்து, பிசைந்து, கடைசியில் கம்பெனி ஈஸ்ட் பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டுகிறோமே, அதுதான் எனக்கு உறுத்துது. விதையை நாமே எடுத்து வைக்கணும்னு மேடை போட்டுப் பேசுகிற நாம், மாவைப் பொங்க வைக்கிற உயிரை மட்டும் கடையில் வாங்கலாமா?

நாஞ்சில் நாட்டில் அந்த உயிர் பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் இறங்கியது. பச்சரிசியை ஊறவைத்து தேங்காய்த் துருவலோடு ஆட்டி, கொஞ்சம் மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கலந்து, ஒரு கரண்டி கள் ஊற்றி ராத்திரி மூடி வைத்தால் காலையில் ஆப்பமாவு சட்டிமூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். கோவாவில் கோதுமை ரொட்டியையே கள் ஊற்றித்தான் பொங்க வைத்தார்கள். கள்ளிலும் பேக்கரி ஈஸ்டிலும் முக்கியமாக இருப்பது ஒரே இனம், சாக்கரோமைசிஸ் செரிவிசியே. அது சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். அந்தக் காற்றைப் பிடித்து வைக்கிற பசை கோதுமைப் புரதத்தில் உண்டு, அரிசியில் கிடையாது. அதுக்குத்தான் கஞ்சி காய்ச்சிச் சேர்க்கிறது. நம்ம அம்மாமார் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கல.

பாளையில் வடிவது ஒரே சாறுதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, தடவாவிட்டால் தானே புளித்துக் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. களியக்காவிளை தாண்டினால் அதே மரத்துக் கள் சட்டப்படி கடையில் விற்குது. இங்கே மதுக்கடையை அரசே நடத்துது, பனையேறி மட்டும் பயந்து பயந்து ஏறணும். 2017-ல் நீராவுக்கு அனுமதி கொடுத்தார்கள். புளிக்காமல் பதப்படுத்திய நீராவை ஊற்றி ஆப்பம் சுட முடியுமா? குடியால் கெட்ட வீடுகளை நானும் பார்த்திருக்கேன், அதை லேசாகச் சொல்லல. ஆனால் அடுப்பங்கரைக்கு ஒரு கரண்டி கள் கேட்பதைக் குடிகாரன் பேச்சாக ஆக்குவது நியாயமில்லை. பனையேற ஆள் குறைந்துபோனதுக்கு இந்தத் தடையும் ஒரு காரணம்.

ஜீவாமிர்தம் கரைக்கிறவனுக்குப் புளிப்பு புதுசு இல்லை. 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி போட்டு இரண்டு நாள் நிழலில் வைத்துக் காத்திருக்கிறோம். கலக்கிவிடத்தான் நம்மால் முடியும், அவசரப்படுத்த முடியாது. வயலுக்குக் காட்டுகிற இந்தப் பொறுமையை அடுக்களைக்கும் காட்டினால் பொட்டலம் தேவைப்படாது.

கள் கிடைக்கிற வரைக்கும் வேறு வழி இருக்கு. தேங்காய் உடைக்கிற தண்ணீரில் கொஞ்சம் கருப்பட்டி தட்டிப் போட்டு, துணி கட்டி ஒரு ராத்திரி வையுங்கள். நுரை கட்டினால் ஆப்பமாவில் ஊற்றலாம். ரொட்டிக்கு என்றால் முழுக்கோதுமை மாவும் தண்ணீரும் சம அளவு கரைத்து, தினமும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் விட்டால் ஒரு வாரத்தில் உயிர் பிடிக்கும். எடுத்த பாதி தோசைக்கு ஆகும். ஆடிச் சாரலில் இரண்டு நாள் கூடப் பிடிக்கும். குமிழ் கிளம்பாமல் ரொட்டிக்குப் பிசைய வேண்டாம்.