அன்றன்றே தீர வேண்டிய கறி

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. கோயில்களில், பிரசங்கத்தின்போது தூங்குகிறவர்கள்கூட விழித்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஸ்தோத்திர காணிக்கைகளை வாசிக்கும் நேரம். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்கு ஐந்நூறு. பேரன் நீட் எழுதித் தேறியதற்கு ஆயிரம். சவூதியிலிருந்து மருமகன் நல்லபடியாக வந்து சேர்ந்ததற்கு இருநூறு. கிணற்றில் தண்ணீர் கண்டதற்கு, வழக்கு முடிந்ததற்கு, கண் ஆபரேஷன் ஆனதற்கு. ஊர்ச் செய்தி முழுவதும் அந்த ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். வழக்கு யாருக்குச் சாதகமாக முடிந்தது என்பதைத் தோற்றவரும் அதே கோயிலில் உட்கார்ந்துதான் கேட்பார். கடைசியில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், ஐம்பது ரூபாய். காரணம் எழுதியிருக்காது. சபை முழுவதும் யாராக இருக்கும் என்று யோசிக்கும்.

நன்றியைப் பற்றி மாதத்துக்கு ஒரு பிரசங்கமாவது கேட்டுவிடுகிறோம். குணமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் திரும்பி வந்த கதை எல்லாருக்கும் மனப்பாடம். மற்ற ஒன்பது பேரைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறோம். இந்தப் பிரசங்கங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. நன்றி என்பதை மனசுக்குள் ஊற வேண்டிய ஓர் உணர்ச்சியாகவே சொல்கிறார்கள். உணர்ச்சி வராதவன் என்ன செய்வான்? முகத்தை உருக்கமாக வைத்துக்கொள்வான். வேதாகமத்தில், அதுவும் நாம் வேகமாகப் புரட்டித் தள்ளிவிடும் லேவியராகமத்தில், விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. அங்கே நன்றி என்பது கறி.

லேவியராகமம் ஏழாம் அதிகாரத்தில் சமாதான பலிகளுக்கான சட்டம் வருகிறது. ஒருவன் பொருத்தனை பண்ணியோ உற்சாகமாகவோ செலுத்தும் பலியின் இறைச்சியை அன்றைக்கும் சாப்பிடலாம், மீந்ததை மறுநாளும் சாப்பிடலாம். ஸ்தோத்திர பலிக்கு அந்தச் சலுகை கிடையாது. செலுத்திய அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும், விடியும்வரை ஒரு துண்டுகூட மீதி இருக்கக் கூடாது. கூடவே புளிப்பில்லாத அதிரசம், அடை, புளித்த மாவு அப்பம் எல்லாம் உண்டு.

ஏன் இப்படி என்று அங்கே விளக்கம் இல்லை. ஆனால் ஒரு கிடாயை அறுத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஆசாரியனுக்கு உரிய பங்கு போக மீதி முழுவதையும் ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்ன முடியாது. காளை என்றால் கேட்கவே வேண்டாம். உப்புக்கண்டம் போட்டு வைக்கவும் வழியில்லை. அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டே ஆக வேண்டும். சண்டைக்காரனையும் கூப்பிட வேண்டி வரலாம். பொருத்தனை என்பது எனக்கும் கடவுளுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம், அதை நிதானமாக வைத்துச் சாப்பிடலாம். நன்றி அப்படி இல்லை, ஆள் சேர்த்தால்தான் தீரும். உபாகமம் இருபத்தாறும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. முதற்பலன் கூடையைக் கொண்டுவருகிறவன், தன் முன்னோர் நாடோடியாகத் திரிந்ததையும் எகிப்தில் அடிமைப்பட்டதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு நிலமில்லாத லேவியனோடும் ஊருக்கு வந்த அந்நியனோடும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும். கூடையை வைத்துவிட்டு நைசாக நழுவிவிட முடியாது.

எங்கள் பக்கத்துக் கோயில் விருந்தான அசனத்தை நினைத்தால் இந்தச் சட்டம் எனக்குப் புரிகிறது. பிரதிஷ்டைப் பண்டிகையோ அறுப்பின் பண்டிகையோ, அசனம் இல்லாமல் முடியாது. முதல் நாள் சாயங்காலமே கோயில் காம்பவுண்டில் வெங்காயம் உரிக்க ஆள் கூடிவிடும். ராத்திரி முழுவதும் விறகடுப்பு. அண்டாவில் வெந்த சோற்றைக் கஞ்சி வடித்து, வெள்ளை வேட்டி விரித்த ஓலைப்பாயில் கொட்டுவார்கள். விடியும்போது அது இடுப்புயர மேடாக ஆவி பறந்துகொண்டிருக்கும். துடுப்பு போடுகிறவருக்கு அன்றைக்குச் சபைப் போதகரான ஐயரைவிட மரியாதை அதிகம். உப்பு பார்க்க ஒரு பெரியவர் இருப்பார். அவர் தலையசைத்தால்தான் குழம்பு இறங்கும். ஆராதனை முடிந்து ஐயர் ஜெபம் பண்ணியதும் பந்தி தொடங்கும். சம்பளக்காரர், கூலிக்காரர், பக்கத்துத் தெரு இந்து வீடுகள், பஸ் மாறி வந்த சொந்தக்காரர், வழியோடு போன ஐஸ் வண்டிக்காரர் எல்லாரும் ஒரே வரிசையில், தரையில். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதற்குத் தலையை எடுத்த பூமி இது. அந்த மண்ணில் இப்படி ஒரு பந்தி நடப்பதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. எல்லா ஊரிலும் அது ஒழுங்காக நடக்கிறது என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

தூக்குவாளி கொண்டுவந்து வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்க வேண்டியதில்லை. நடக்க முடியாத கிழவிக்கு அந்தத் தூக்குவாளிதான் பந்தி. மறுநாள் காலையில் காம்பவுண்டில் காக்கைக்கு மிஞ்சினால் ஆச்சரியம்.

அறுப்பின் பண்டிகையில் ஏலமும் உண்டு. முதல் வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டிக் கொட்டான், கால் கட்டிய சேவல், பூசணிக்காய் என்று பீடத்தின் முன்னால் குவிந்ததை வெளியே எடுத்து ஏலம் விடுவார்கள். கடையில் ஏழு ரூபாய்க்குக் கிடைக்கும் முட்டையை ஒருவர் ஐந்நூறுக்கு எடுப்பார். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, "இன்னொரு தடவை விடுங்க" என்பார். அதே முட்டை இன்னொரு ஐந்நூறுக்குப் போகும். பொருளாதாரம் படித்தவனுக்குத் தலை சுற்றும். இதில் கொஞ்சம் வீம்பும் இருக்கிறது, தெரியும். எதிர் வீட்டுக்காரர் கேட்டதால் மட்டுமே விலை ஏறிய சேவல்கள் உண்டு. இருந்தாலும் ஓர் ஏழைக் கிழவி தன் கோழி இட்ட முட்டையை அத்தனை பேர் கைமாறிப் போவதைக் கண்ணால் பார்க்கிறாள். ரசீதுப் புத்தகத்தில் அந்தப் பெருமை கிடைக்காது.

இந்தப் பெருமையை நன்றாகப் புரிந்துகொண்டவர் நம் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வி.எஸ். அசரியா. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தெலுங்கு நாட்டில் டோர்னக்கல் அவருடைய திருமண்டலம். சபையில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்து ஏழைக் கூலிகள். பாவம், இவர்களிடம் காணிக்கை கேட்கலாமா என்று அவர் தயங்கவில்லை. கொடுப்பதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வாங்கியே பழக்கப்பட்டவன் கொடுக்கும்போதுதான் நிமிர்கிறான் என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஏழையிடம் நன்றியை மட்டும் எதிர்பார்த்துக் கொடையை எதிர்பார்க்காதது, அவனை என்றைக்கும் கீழேயே உட்காரவைக்கும் வேலை.

இனி கடினமான இடம். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்குப் பண்டிகைக்கு வந்திருந்தவர்கள் பலர் காலையில் கடற்கரையில் நின்றிருந்தார்கள். சுனாமி அலை அவர்களை வாரிக்கொண்டு போனது. பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்று பிற்பாடு எத்தனையோ பேர் சாட்சி சொன்னார்கள். உள்ளே நின்று பிழைத்தவர்கள் கடவுளுக்கு நன்றி சொன்னதில் தப்பே இல்லை. பிழைத்தவன் வேறு யாருக்குச் சொல்வான்? ஆனால் அந்தச் சாட்சியைப் பிழைத்தவர் அல்லாதவர்கள் எடுத்து, மைக்கில் ஊர் ஊராகச் சொன்னார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. மாதாவைக் கும்பிட்டுவிட்டு மணலில் இறங்கியவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஊர்ப் பஸ்ஸைத் தவறவிட்டேன், அது கவிழ்ந்தது, கர்த்தர் என்னைக் காத்தார் என்கிற சாட்சியும் இந்த வகைதான். பஸ்ஸில் போன பிள்ளையின் தாய் பக்கத்து பெஞ்சில் இருந்தால் சொல்ல வாய் வராத சாட்சியை, அவள் இல்லாத இடத்திலும் சொல்லாமல் இருக்கலாம்.

ஜெபம் எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு இயேசு சொன்ன உவமை ஒன்று உண்டு. தேவாலயத்துக்கு ஜெபிக்க வந்த பரிசேயன். அவன் எதையும் கேட்கவில்லை, புலம்பவில்லை. அவன் ஜெபம் முழுவதும் ஒரு நன்றி ஜெபம். மற்றவர்களைப்போல நான் இல்லை, தூரத்தில் நிற்கும் அந்த வரிவசூலிப்பவனைப்போலவும் இல்லை, அதற்காகக் கடவுளே உமக்கு நன்றி என்கிறான். நன்றி சொல்லியும் வீட்டுக்கு வெறுங்கையோடு போனவன் அவன். பிரசங்கங்களில் பெருமைக்காரன் என்று திட்டுவாங்கும் இந்த ஆளை, நன்றி சொல்லத் தெரியாதவன் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவனோடு உட்கார்ந்து சாப்பிட ஒருவரும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரே ஆபகூக் நிற்கிறார். தன் புத்தகத்தின் முடிவில் இல்லாதவற்றை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்: அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுக் கிடை, மாட்டுத் தொழுவம். எல்லாம் போயிற்று. எதையும் மூடி மறைக்கவில்லை. அதன் பிறகுதான் கர்த்தருக்குள் மகிழுவேன் என்கிறார். நஷ்டத்தை எண்ணத் தெரிந்த ஒருவரின் ஸ்தோத்திரத்தை நம்பலாம்.

எங்கள் தாத்தாவும் எண்ணுகிறவர். ராத்திரி குடும்ப ஜெபத்தில் எல்லா ஆசீர்வாதங்களுக்காகவும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி முடிக்க மாட்டார். இன்றைக்குப் பம்புசெட் கரண்டு நின்றபோது வந்து பியூஸ் போட்ட வயர்மேனுக்காக, பதநீர் கொண்டுவந்த பனையேறிக்காக, சாளை மீனை முள் இல்லாமல் ஆய்ந்து கொடுத்த மீன்காரிக்காக என்று போய்க்கொண்டே இருக்கும். நாங்கள் பிள்ளைகள் முழங்காலிலேயே தூங்கிவிழுவோம். விதை நெல் நனைந்து கெட்டுப்போன வருஷம் அதையும் சேர்த்துச் சொன்னார். ஸ்தோத்திரம் என்று சொல்லவில்லை, "நெல் போச்சு ஆண்டவரே" என்று தகவல் சொல்வதுபோலச் சொன்னார். அப்புறம் மீன்காரிக்குப் போய்விட்டார்.

பாட்டிக்கு அவ்வளவு பேச்சு கிடையாது. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். மாதம் ஒருமுறை அது கோயிலுக்குப் போகும். கைப்பிடி அரிசி நம் தென்பக்கத்துப் பழக்கம் மட்டுமல்ல. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910-இல் பெண்கள் தொடங்கிவைத்த இதே வழக்கம், இன்று வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் பணமாகச் சேர்ந்து மிஷனரி வேலைக்குப் போகிறது. அரிசியை எடுக்கும்போது பாட்டிக்கு மனசு உருகியதா? அடுப்புப் புகையில் இருமிக்கொண்டே எடுத்தாள், சில நாள் தாத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டே எடுத்தாள். கை அதன் பாட்டுக்குப் போய் வந்தது. நன்றியை எப்படி வளர்ப்பது என்று கேட்கிறவர்களுக்கு அந்தக் கையைத்தான் காட்டுவேன். உருக்கம் வருகிற அன்றைக்கு வரட்டும்.

இதை என் மகளிடம் சொன்னேன். சென்னையில் வேலை, ஒற்றை அறை, பாதி நாள் ஸ்விக்கி. "பிரியாணிப் பொட்டலத்துல எங்கப்பா கைப்பிடி எடுக்கிறது?" என்றாள். நியாயமான கேள்வி. கோயிலுக்கு ஜிபேயில் மாதம் ஒரு தொகை அனுப்புகிறாள், அது வேறு. அதோடு, சனிக்கிழமை தனக்கு வரவழைக்கும்போது அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்கும் ஒரு பொட்டலம் சேர்த்து வரவழைக்கத் தொடங்கினாள். கேட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு இரண்டு பேரும் அங்கேயே சாப்பிட்டுவிடுகிறார்களாம். போன வாரம் போனில் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "புரட்டாசி முடியிற வரைக்கும் கறி வேண்டாம்னு சொல்லிட்டாருப்பா. இந்த மாசம் முழுக்க எங்களுக்குத் தக்காளிச் சாதந்தான்" என்றாள்.