ஒயின் திருவிழாவில் ஒரு பன்னீர் திராட்சைக்காரன்

போன மாசம் பெங்களூருல ஒரு ஒயின் திருவிழாவுக்குப் போயிருந்தேன். தங்கச்சி வீட்டுக்காரர் அங்கதான் வேலை பாக்குறார். "மச்சான், நீங்க திராட்சை போடுறவரு, இதை ஒரு தடவையாவது பாக்கணும்"னு பிடிவாதமா கூட்டிட்டுப் போனார். இருபது வருஷமா கம்பம் பள்ளத்தாக்குல பன்னீர் திராட்சை போடுறேன். ஆனா ஒயினை அன்னைக்குத்தான் முதல்முறையா வாயில வச்சேன்.

நுழைவுச் சீட்டோட ஒரு கண்ணாடிக் கிளாஸ் கையில கொடுத்தாங்க. கடை கடையாப் போய் ரெண்டு மடக்கு ருசி பாக்கலாம். முதல்ல கொடுத்தது பெங்களூரு நீலத் திராட்சையில செஞ்ச இனிப்பு ஒயின். இருமல் டானிக்கும் திராட்சை ஜூஸும் கலந்த மாதிரி இருந்துச்சு. இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு நினைச்சேன்.

அடுத்து நந்தி மலைப் பக்கம் விளைஞ்ச ஷிராஸ். வாயில வச்சதும் நாவல்பழம் தின்ன மாதிரி நாக்கு இழுத்துச்சு. முழுங்கின பிறகு தொண்டையில லேசா மிளகுக் காரம். அப்புறம் கேபர்நே சாவின்யோன். அது மாதுளைத் தோலைக் கடிச்ச துவர்ப்பு. நல்லா இருந்துச்சான்னு கேட்டா சட்டுனு சொல்லத் தெரியலை. ஆனா அது பழத்தோட தோலும் விதையும் பேசுற ருசின்னு எனக்குப் புரிஞ்சிருச்சு. கறுப்புத் திராட்சையாவே இருந்தாலும் பிழிஞ்சா சாறு பெரும்பாலும் வெளுப்பாத்தான் வரும். தோலோட சேத்துப் புளிக்க வைக்கிறதாலதான் சிவப்பும் துவர்ப்பும் இறங்குது. அதனாலதான் ஒயினுக்குச் சின்னப் பழம், தடிச்ச தோல் உள்ள ரகமாப் பாத்து நடுறாங்க.

ருசியை விட என்னை நிறுத்தி வச்சது வேற விஷயம். கடையில நின்ன பொண்ணு, "சார், இது இந்தத் தோட்டம், இந்த வருஷ அறுவடை, அந்த வருஷம் மழை கம்மி, அதான் ருசி கெட்டியா இருக்கு"ன்னு சொல்லுச்சு. என் தோட்டத்துப் பழத்தைப் பத்தி இப்படி ஒருத்தரும் பேசினதில்லை. பந்தலுக்குக் கீழ நின்னு, குலையோட அடிநுனியில இருக்குற பழத்தைக் கடிச்சுப் பாத்துத்தான் நான் அறுவடை நாள் குறிக்கிறேன். கடைசியாப் பழுக்குறது அதுதான். அது இனிச்சா குலை முழுக்க இனிக்கும். ஆனா வியாபாரி வந்து கேக்குறது எத்தனை டன் தேறும்னு மட்டும்தான்.

அங்க ஒரு கன்னடக்கார விவசாயியையும் பாத்தேன். தமிழ் கொஞ்சம் பேசுவார். கவாத்துக்கு முன்னாடியே கம்பெனியோட விலை பேசி எழுதிக்கிறாராம். அறுவடையப்ப பழத்தோட சர்க்கரை அளவைக் கருவி வச்சுப் பாக்குறாங்களாம். சர்க்கரை ஏறணும்னு பாதிக் குலையை அவரே வெட்டிப் போட்டுடுறாராம். எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. நாங்க ஒரு குலை கூடுதலா நிக்காதான்னு பாக்குறவங்க. விலை எடைக்குத்தானே!

போன ஐப்பசி மழையில என் பழம் வெடிச்சு, பந்தல்லயே அழுகிச்சு. செவட்டை நோய்க்கு அடிச்ச மருந்துச் செலவுகூட வரலை. அதே நினைப்புல ஒயின் பாட்டிலோட விலையைப் பாத்தேன். ஒரு பாட்டிலுக்குள்ள இருக்குறது ஒரு கிலோ சொச்சம் பழம். பீப்பாய், வரி, காத்திருக்குற காலம்னு எல்லாச் செலவும் அதுல இருக்குதான். இருந்தாலும் வயிறு எரிஞ்சுச்சு.

மகாராஷ்டிரா 2001-லயும் கர்நாடகா 2007-லயும் ஒயினுக்குன்னு தனிக் கொள்கை கொண்டுவந்தாங்க. 'நம்ம ஊருக்கும் ஏன் வரக்கூடாது?'ன்னு ஊருக்குத் திரும்புற வழியெல்லாம் யோசிச்சேன். வீட்ல அம்மாகிட்ட சொன்னேன். "ஒன் சித்தப்பன் போனது பத்தாதா?"ன்னு ஒரே கேள்வி. சித்தப்பாவைக் குடிதான் கொண்டுபோச்சு. சித்தி முப்பது வயசுல தாலி இழந்து, திராட்சைத் தோட்டத்துல கூலிக்கு நின்னுதான் ரெண்டு பிள்ளைகளை வளர்த்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அம்மாவே கேட்டாங்க: "குடிக்கிறதுக்குப் பாத்துப் பாத்து வெல வைக்கிறவங்க, திங்கிறதுக்கு ஏன்டா வைக்க மாட்டேங்குறாங்க?"

என் கருத்து இதுதாங்க. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதுன்னு சொல்லி எங்களுக்காக யாரும் வாதாட வேண்டாம். மதுவுல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-லயே சொல்லிருச்சு. எங்க பன்னீர் திராட்சை ஷிராஸ் மாதிரி ஆகும்னும் நான் நம்பலை. இது மஸ்கட் ஹாம்பர்க். வாசனைக்கும் தின்னுறதுக்கும் பேர் போன ரகம். ஒயின் ஆலை வந்தா எங்க கஷ்டமெல்லாம் தீரும்னு சொல்றதையும் நான் ஏத்துக்க மாட்டேன்.

அந்தத் திருவிழாவுல இருந்து நாம எடுத்துக்க வேண்டியது, பழத்தை அவங்க மதிக்கிற முறையை. சர்க்கரை அளவு பாத்து விலை. கவாத்துக்கு முன்னாடியே எழுத்துல ஒப்பந்தம். மழையில வெடிக்கிறதுக்கு முன்னாடி பழத்தை வாங்கிச் சாறாக்க ஒரு ஆலை, அதுவும் விவசாயிகள் கூட்டா நடத்துற மாதிரி. இதுக்கெல்லாம் சாராய வாசனையே தேவையில்லை. 2023-ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. ஊர் முழுக்கச் சந்தோஷப்பட்டோம். ஆனா வியாபாரி இன்னும் எத்தனை டன்னுதான் கேக்குறார்.

சென்னையிலயும் கோவையிலயும் இருக்குற உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். பன்னீர் திராட்சை எங்களுக்கு வருஷம் முழுக்க வரும். ஆனா கோடையில பழுக்குறதுதான் நல்ல இனிப்பு. அடுத்த தடவை வாங்கும்போது எந்த ஊர்ப் பழம், எப்ப அறுத்ததுன்னு கடைக்காரர்கிட்ட கேளுங்க. அவருக்குத் தெரியாது. பரவாயில்லை, கேளுங்க. பத்துப் பேர் கேட்டா அவர் வியாபாரியைக் கேப்பார், வியாபாரி என்னைக் கேப்பார். அப்புறம் குலையோட அடிநுனிப் பழத்தைக் கடிச்சுப் பாருங்க. புளிச்சா வாங்காதீங்க, என் பழமா இருந்தாலும் சரி.

வர்ற வாரம் தோட்டத்துல கவாத்து. ஒரு வரிசையில மட்டும் பாதிக் குலையை வெட்டிப் பாக்கலாம்னு இருக்கேன். என்ன ஆச்சுன்னு அறுவடைக்கு அப்புறம் எழுதுறேன்.