48 மணி நேரக் கெடு ஏட்டோடு நின்றுவிடக் கூடாது

குற்ற வழக்கொன்றில் மரபணுச் சோதனை முதன்முதலாகக் காப்பாற்றியது ஒரு நிரபராதியை. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் இரு சிறுமிகள் கொல்லப்பட்ட வழக்கில், ஒரு கொலையைத் தானே செய்ததாகக் காவலர்களிடம் ஒப்புக்கொண்டிருந்த இளைஞர் குற்றவாளி அல்லர் என்பதை 1986இல் மரபியல் அறிஞர் அலெக் ஜெஃப்ரிஸின் ஆய்வு காட்டியது. உண்மைக் கொலையாளி 1988இல் தண்டனை பெற்றதற்கும் அதே ஆய்வுதான் வழிவகுத்தது. வாக்குமூலத்தையே நம்பிக் கிடக்கும் புலனாய்வுக்கு இதைவிட நல்ல மாற்று இல்லை.

ஆனால், ஆய்வகத்துக்குச் சரியான மாதிரி பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தால் மட்டுமே இந்தச் சாட்சியம் நிற்கும். இந்தியாவில் அங்கேதான் சறுக்கல். இளம்பெண் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்ட டெல்லி சாவ்லா வழக்கில் 2012 பிப்ரவரி 14, 16 தேதிகளில் கைப்பற்றப்பட்ட பொருட்கள் 27ஆம் தேதிதான் ஆய்வகத்துக்குப் போயின. அதுவரை காவல் நிலையத்தில் கிடந்தன. மரண தண்டனை பெற்றிருந்த மூவரையும் 2022இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. தேனி மாவட்டம் சுருளி அருவியில் 2011இல் ஓர் இளம் இணை கொல்லப்பட்ட வழக்கிலும் இதே கதை. மாதிரிகளை அனுப்புவதில் தாமதம். அவை யார் கையில் எப்போது இருந்தன என்பதற்கு முறையான பதிவு இல்லை. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தவர் 2025 ஜூலையில் விடுதலையானார். அவர் இத்தனை ஆண்டுகள் தூக்கு நிழலில் இருந்ததற்கும், கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் விடையின்றி நிற்பதற்கும் பொறுப்பேற்பவர் எவருமில்லை. இது பொறுத்துக்கொள்ளக் கூடியதல்ல.

சுருளி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்துள்ளது. மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி அதை ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தாமதமானால் காரணத்தை வழக்குக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கைமாறும் ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். இவை ஏட்டோடு நின்றுவிடாதிருக்க, விசாரணை நீதிமன்றங்கள் இந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லாமல் மரபணு அறிக்கையை ஏற்கவே கூடாது. விதியை மீறும் அதிகாரி மீது துறை நடவடிக்கையும் வேண்டும்.

அறிக்கையின் முடிவு வரியை மட்டும் படித்துத் தீர்ப்பெழுதும் வழக்கமும் ஒழிய வேண்டும். ஆண்வழிக் குறியீடுகளை மட்டும் பார்க்கும் ஒய்-குரோமோசோம் சோதனையில் தந்தை, மகன், சகோதரர் எல்லோரும் பொதுவாக ஒன்றுபோலவே தெரிவார்கள். பலருடைய மாதிரி கலந்திருந்தால் சிக்கல் இன்னும் கூடும். மரபணு ஆய்வாளரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யவும், தேவையானால் மறு ஆய்வு கோரவும் எதிர்த்தரப்புக்கு அரசுச் செலவில் நிபுணர் உதவி கிடைக்க வேண்டும்.

2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வருவதைக் கட்டாயமாக்குகிறது. ஏற்பாடு செய்ய மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. தமிழக அரசு கடைசி நாள் வரை காத்திராமல் இப்போதே ஆய்வகப் பணியிடங்களைக் கூட்ட வேண்டும். மரபணுத் தொழில்நுட்ப மசோதாவை 2023இல் திரும்பப் பெற்ற ஒன்றிய அரசு, ஆய்வகங்களின் தரத்தையும், விடுதலையானவர்களின் மரபணு விவரங்களை அழிப்பதையும் உறுதிசெய்யும் புதிய சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவர வேண்டும்.